மிராசுதார் வயலைச் சுற்றிக்கொண்டு போன ரயில்பாதை

தஞ்சாவூரில் நில எடுப்பு அலுவலகத்தில் நான் தட்டச்சராக இருந்தபோது, அதிவேக ரயிலுக்கு வழி பார்க்க சென்னையிலிருந்து ஒரு இன்ஜினீயர் வந்தார். தாசில்தாரின் மேசையில் ஒரு வரைபடத்தை விரித்தார். அதில் சென்னையிலிருந்து தஞ்சாவூர் வரை ஒரு சிவப்புக் கோடு ஓடியது. ஆறும் வாய்க்காலும் இல்லை. கேட்டதற்கு, அவை வேறு படத்தில் இருக்கின்றன என்றார். தண்ணீரை வேறு தாளில் எடுத்து வைத்துவிட்டு டெல்டாவைப் பார்க்கிற மனிதரை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

இரண்டு மணி நேரத்தில் சென்னை என்றார். தஞ்சாவூருக்கு வெளியே பெரிய ஸ்டேஷன், அதைச் சுற்றிக் கம்பெனிகள், அடுக்குமாடிகள் என்று அடுக்கிக்கொண்டே போனார். பாதை வளைந்தால் வேகம் போய்விடும், அதனால் கோடு நேராகத்தான் போகும், யாருக்காகவும் வளையாது என்றார். தாசில்தார் தலையாட்டினார். அவர் யார் பேசினாலும் தலையாட்டுவார்.

சர்வே எண்களின் பட்டியலை நான்தான் அடித்தேன். குடவாசல் பக்கம் எங்கள் ஊரில் கோடு மிராசுதாரின் வயலை நடுவாக வெட்டிக்கொண்டு போயிற்று. என் அப்பா சின்ன வயசிலேயே பண்ணையாளாகச் சேர்ந்த வீடு அது. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதற்காக அந்த வீட்டார் போலீஸை வரவழைத்து அப்பாவை உள்ளே தள்ளியிருக்கிறார்கள். பிறகு அந்த வீட்டாரின் நிலத்தில் ஒரு பகுதியை உபரி நிலம் என்று அரசாங்கம் எடுத்துப் பங்கிட்டதில் அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் வந்தது. பட்டா கையில் இருந்தும், வயலில் இறங்க நாலு வருஷம் கோர்ட்டுக்கு நடந்தார். அதனால் மிராசுதாரின் எண்களை அடித்தபோது எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. மற்ற எண்கள் யாருடையவை என்று நான் யோசிக்கவில்லை. அதற்காக என்னைப் பற்றியும் எனக்குப் பெரிய மதிப்பு இல்லை.

மூன்று மாதத்தில் இரண்டாவது பட்டியல் வந்தது. யாருக்காகவும் வளையாத கோடு மிராசுதாரின் வயலுக்கு முன்னால் வளைந்து, எங்கள் தெருக்காரர்களின் வயல்களில் ஏறி, திரும்பவும் நேராகியிருந்தது. ஏழாவது வரியில் அப்பாவின் சர்வே எண். இடையில் நடந்ததை ஜீப் டிரைவர் சொன்னார். இன்ஜினீயர் மிராசுதார் வீட்டில் இரண்டு நாள் தங்கிச் சாப்பிட்டாராம். வேகம் போய்விடும் என்ற கவலையை அந்த வீட்டு இலையிலேயே மடித்து வைத்துவிட்டு எழுந்திருக்கிறார்.

கருத்துக் கேட்பு எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் நடந்தது. வாசலில் ஒன்றியச் செயலாளர் தன் படத்தைப் பெரிதாகப் போட்டு, ரயிலைக் கொண்டுவந்த தலைமைக்கு நன்றி என்று பேனர் கட்டியிருந்தார். முன்வரிசையில் மிராசுதாரும் அவர் தம்பியும். நான் மேடை ஓரத்தில் குறிப்பு எடுக்க உட்கார்ந்திருந்தேன். உங்கள் ஊர் இனிமேல் சென்னைக்குப் பக்கத்து ஊர் மாதிரி என்று இன்ஜினீயர் முடித்ததும் அப்பா எழுந்தார்.

“வண்டி எங்கெங்கே நிக்கும்ங்க?”

நடுவில் எங்கும் நிற்காது, அதுதான் இதன் சிறப்பு என்று இன்ஜினீயர் பெருமையாகச் சொன்னார்.

“அப்ப இது எங்க ஊருக்கு வர்ற ரயில் இல்லீங்க. எங்க ஊரு மேல ஏறிப் போற ரயில்.”

அதை எழுத வேண்டாம் என்று தாசில்தார் என்னைப் பார்த்துக் கையசைத்தார். நான் எழுதினேன். பிறகு அவர் பட்டியலைப் படிக்கச் சொன்னார். என் கோப்பில் இரண்டுமே இருந்தன. மூன்று மாதத்துக்கு முந்தின பட்டியல் என்று சொல்லி முதலாவதைப் படித்தேன். மிராசுதாரின் எண்கள் ஒவ்வொன்றாக மைக்கில் போயின. எங்கள் ஊரில் அந்த எண்கள் எல்லோருக்கும் மனப்பாடம். மண்டபம் முழுக்க முன்வரிசைப் பக்கம் திரும்பியது.

“தப்பான தாளைப் படிக்கிறீங்கம்மா,” என்றார் தாசில்தார்.

“ரெண்டையும் நான்தான் சார் அடிச்சேன்,” என்று சொல்லிவிட்டு இரண்டாவதையும் படித்தேன்.

மிராசுதார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். கோடு ஏன் வளைந்தது என்று எங்கள் தெருப் பெண்கள் மேடையை மறித்துக்கொண்டு கேட்டார்கள். மண்ணின் தன்மை என்றார் இன்ஜினீயர். அந்த மண்ணிலேயே நாற்று நட்டவர்களிடம் அதைச் சொல்ல அவருக்குக் கூச்சமே இல்லை. சம்மதத் தாளில் ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை.

இரண்டு வாரத்தில் எனக்குப் பட்டுக்கோட்டைக்கு மாற்றல் வந்தது. காரணம், நிர்வாக நலன். அப்பாவிடம் சொன்னபோது, அங்கே சாப்பாட்டுக்கு என்ன செய்வாய் என்று மட்டும் கேட்டார். எனக்கு அழுகை வந்தது.

சில வருஷத்தில் ஆட்சி மாறியது, அதிவேக ரயில் கிடப்பில் போனது. வயலைக் காத்த தலைமைக்கு நன்றி என்று அதே ஒன்றியச் செயலாளர், இப்போது அடுத்த கட்சியில், அதே படத்தோடு பேனர் கட்டினார். ஸ்டேஷன் வரும் என்று நம்பி மிராசுதாரின் தம்பி தஞ்சாவூருக்கு வெளியே வாங்கிப் போட்ட மனைகளில் சீமைக்கருவேலம் முளைத்தது.

நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. புதுப் பாதைக்குப் பதிலாக இருக்கிற பாதையிலேயே வேகத்தைக் கூட்டினார்கள். எக்ஸ்பிரஸுக்கு வழிவிட, எங்கள் ஊரில் நின்றுகொண்டிருந்த பாசஞ்சர் வண்டியை எடுத்துவிட்டார்கள். தஞ்சாவூர்க்காரர்களுக்குச் சென்னை ஒரு மணி நேரம் கிட்டே வந்தது. அப்பாவுக்குத் தஞ்சாவூர் கண் ஆஸ்பத்திரி இரண்டு பஸ் தூரம் தள்ளிப் போனது. வளர்ச்சி என்று இவர்கள் சொல்வது பெரிய ஊர்களைக் கோத்துவிட்டு நடுவில் இருப்பவர்களை உதிர்ப்பது என்று அப்போது எனக்குப் புரிந்தது.

போன வருஷம் சென்னையில் ஒரு கல்யாணப் பந்தியில் அந்த இன்ஜினீயர் என் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அதிவேக ரயிலைத் திரும்ப எடுக்கிறார்கள், தான்தான் ஆலோசகர் என்றார். டெல்டா ஜனங்களுக்குத்தான் முன்னேற்றம் என்றால் என்னவென்றே தெரியாது என்று வருத்தப்பட்டார். பிறகு நான் எந்த ஊர் என்று கேட்டார். குடவாசல் பக்கம் என்றேன்.

“ஓ, அங்கே ரயில் போகுதா?” என்று கேட்டுவிட்டு அப்பளத்தை நொறுக்கினார்.