மேல் பிளாக் ரம்புத்தான்

போன வாரம் சுங்கை பட்டாணியில் ஒரு பேரங்காடிக்கு வெங்காயம் வாங்கப் போனேன். வாசலிலேயே ரம்புத்தானைக் கல்யாணப் பெண் மாதிரி அலங்கரித்து உட்கார வைத்திருந்தார்கள். வலைப்பை, ரிப்பன், மேலே ஓர் அட்டை. அட்டையில் மலைப்பழம் என்று போட்டு, அது காய்த்த இடம் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்றும் அச்சடித்திருந்தார்கள். என் பிறப்புப் பத்திரத்தில்கூட இவ்வளவு விவரம் கிடையாது.

“என்னம்மா, இந்த வெல?” என்று அங்கே நின்ற பெண்ணிடம் கேட்டேன்.

“பூக்கிட் பழம் லா அங்கிள். ஒசரத்துல காய்ச்சது. அதான் ஸ்வீட்டு.”

உயரத்தில் காய்த்தால் இனிப்பு. முப்பது வருடத்துக்கு முன்னால் இதே வாக்கியத்தை, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை போட்ட ஒரு மனிதர் வாயால் கேட்டிருக்கிறேன். வெங்காயத்தை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

குருண் பக்கம், ஜெராய் மலையடிவாரத்தில் ஒரு தோட்டம். ரப்பர் பால்மரத்தை வெட்டிவிட்டுச் சரிவு முழுக்கப் பழமரம் போட்டிருந்தார்கள். நான் அங்கே சின்னக் கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா. அந்தத் தோட்டத்தில் எல்லாமே உயரக் கணக்குதான். தொழிலாளர் லயம் வாய்க்கால் ஓரம், கிராணி வீடுகள் பாதி மேட்டில், மேனேஜர் பங்களா உச்சியில். மழை பெய்தால் பங்களாத் தண்ணீர் எங்கள் வாசலைக் கழுவிக்கொண்டு லயத்துக்குள் போகும். யாரும் அதைக் குறையாகச் சொன்னதில்லை. தண்ணீருக்கே மரியாதை தெரிகிறது என்று நினைத்திருப்பார்கள்.

மேனேஜர் நம் ஆள்தான், தமிழர். ஆனாலும் ‘துரை’ என்றுதான் கூப்பிட வேண்டும். ஒருமுறை கேமரன் மலைக்குப் போய் ஸ்ட்ராபெரி தின்றுவிட்டு வந்தவர். அன்றிலிருந்து, உயரம் ஏற ஏறப் பழம் உயர்ந்தது என்ற ஞானம் அவருக்குச் சித்தித்துவிட்டது. பங்களாவுக்குப் பின்னால், மேகம் வந்து இறங்குகிற இடத்தில் இருந்த மேல் பிளாக் ரம்புத்தான் மேல் அவருக்குத் தனிப் பாசம்.

பழத்துக்கு அந்தப் பாசம் தெரியவில்லை. கீழ் பிளாக்கில் வெயில் சுடும். மரம் சீக்கிரம் பூக்கும், பழம் சீக்கிரம் கனியும். மேலே காலை பத்து மணிவரை சட்டைக்குள் குளிர் நிற்கும். அங்கே எல்லாம் அரசாங்க அலுவலக வேகம். பூக்கவே தாமதம். பழம் கொஞ்சம் சின்னது, தோல் தடிமன். ஆனால் நிறம் மட்டும் முந்திக்கொள்ளும். கண்ணைப் பறிக்கிற சிவப்பு. அதை நம்பி உரித்து வாயில் போட்டால் பல் கூசும். புளிப்பு மெல்ல மெல்லத்தான் இறங்கும். இன்னும் மூன்று வாரம் விட்டுவைத்தால், அந்தப் பழத்தின் ருசிக்கும் மணத்துக்கும் கீழ் பிளாக் பழம் பக்கத்தில் நிற்க முடியாது. நான் இரண்டையும் தின்றவன். வேலையில் வேறு எதையும் ஒழுங்காகச் செய்யாவிட்டாலும் இதை ஒழுங்காகச் செய்தேன்.

பழம் பறிக்கும் பெண்களுக்குத் தலைவி பாக்கியம் அக்கா. புருஷன் இல்லை. லயத்தில் ஒரு வீடு, கையில் மூன்று வயது மகள். பழத்தை உரித்துச் சுளையைக் கொட்டையிலிருந்து கழற்றிப் பார்ப்பார். சுத்தமாகக் கழன்று வந்தால் ‘லெக்காங்’, பறிக்கலாம். கொட்டையைப் பிடித்துக்கொண்டு அடம்பிடித்தால், அந்த மரத்தை விட்டுவிட்டு அடுத்த மரம். எனக்கோ துரை ஒரு கண்ணாடிக் குழல் வாங்கிக் கொடுத்திருந்தார். பழச்சாற்றை ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் இனிப்பு எவ்வளவு என்று கோடு காட்டும். நான் கப்பல் கேப்டன் மாதிரி அதைக் கண்ணில் வைத்துக்கொண்டு நிற்பேன்.

“அது சொல்றதத்தான் தம்பி என் நாக்கும் சொல்லுது. என் நாக்குக்கு மட்டும் ஏன் கிராணி வேல குடுக்கல?” என்பார் அக்கா.

அந்த வருடம் தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய மனிதர்கள் பார்வையிட வருவதாகக் கடிதம் வந்தது. மேல் பிளாக்கை முதல்நாளே பறித்துத் தட்டில் அடுக்க வேண்டும் என்று துரை காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டில், எல்லோரும் நிற்க, உத்தரவு போட்டார்.

“மேல இன்னும் புளிப்பு எறங்கலங்க தொர. மூணு வாரம் பொறுக்கணும்” என்றார் அக்கா.

“கலரப் பாத்தா தெரியல? கீழயே பழுத்துருச்சு, மேல பழுக்காதா?”

பறித்தார்கள். நான் கண்ணாடியில் பார்த்தேன். மேல் பிளாக் கோட்டுக்கும் கீழ் பிளாக் கோட்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. நோட்டில் எழுதி, நோட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

பெரிய மனிதர்கள் வந்தார்கள். நிறத்தைப் பார்த்து வியந்தார்கள். படம் எடுத்தார்கள். பிறகு ஒருவர் தின்றார். முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். அவர் கைக்குட்டையை எடுத்ததும் துரை ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

“பறிக்கிறவங்க காயெல்லாம் கலந்துட்டாங்க சார். இதாலதான் பேரே கெட்டுப்போவுது.” என் பக்கம் திரும்பினார். “தம்பி, நீதானே செக் பண்ண? மேல் பிளாக்ல இனிப்பு வந்திருந்துச்சுதானே?”

வேலை நிரந்தரமாகும் கடிதத்துக்காக நான் காத்திருந்த மாதம் அது. பாக்கியம் அக்கா கூடையோடு நாலடி தள்ளி நின்றார். என் சட்டைப்பையையே பார்த்தார்.

“வந்திருந்துச்சு சார்” என்றேன்.

அக்கா கூடையைத் தூக்கிக்கொண்டு லயத்தைப் பார்க்க இறங்கினார். மறுநாள் அவருக்கு வேலை இல்லை. வேலை இல்லாதவருக்கு லயத்தில் வீடும் இல்லை, மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். சாமான் ஏற்றிய லாரி அலுவலக வாசலைத் தாண்டியபோது, ஏற்கெனவே அடுக்கியிருந்த கோப்புகளை நான் குனிந்து மறுபடி அடுக்கினேன். அடுத்த வாரம் என் நிரந்தரக் கடிதம் வந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. கடிதத்தைத் திருப்பிக் கொடுக்கிற அளவுக்கு இல்லை.

அடுத்த வருடம் துரை என் நோட்டைக் கேட்டு வாங்கிப் படித்தார். மேல் பிளாக்கை மூன்று வாரம் கழித்துப் பறிக்கச் சொன்னார். வேறெங்கும் ரம்புத்தான் முடிந்துபோன நேரத்தில் எங்கள் பழம் பாசாருக்குப் போய் இறங்கியது. தின்றவர்கள் விரலைச் சப்பினார்கள். இதற்கு ‘மேட்டுத் திட்டம்’ என்று அவர் பெயர் வைத்தார். தலைமை அலுவலகம் அவரை மாடி ஏற்றிக்கொண்டது. அவருடைய பதவி உயர்வு விருந்தில் நானும் கைதட்டினேன், நன்றாகவே தட்டினேன்.

போன வருடம் மெர்போக்கில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த பெண், பேச்சுவாக்கில் பாக்கியம் அக்காவின் மகள் என்று தெரிந்தது. குருணில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அம்மா தவறிப்போய் இரண்டு வருடமாகிறது என்றார்.

“உங்களப் பத்திச் சொல்லிருக்காங்க அங்கிள். சின்னக் கிராணி, பழம்னா உயிர விடுவாருன்னு சிரிப்பாங்க.”

இலையில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

“நாங்க ஏன் அந்தத் தோட்டத்த விட்டு வந்தோம்னு மட்டும் கடைசிவரைக்கும் சொல்லல. கேட்டா, ‘எடம் பிடிக்கல, வந்துட்டேன்’னு முடிச்சுருவாங்க. நீங்க அப்போ ஆபீஸ்ல இருந்தீங்கல்ல, ஒங்களுக்குத் தெரியுமா அங்கிள்?”

இப்போது அந்தத் தோட்டம் இல்லை. மேல் பிளாக்கில் குளிரை வாடகைக்கு விடுகிற விடுதி நிற்கிறது. லயத்தை இடித்து வாய்க்காலையும் மூடிவிட்டார்கள். துரை இல்லை, அக்கா இல்லை, நோட்டு எங்கே போனதென்று தெரியவில்லை. அன்றைக்கு அங்கே நடந்தது என்ன என்று சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான் மிச்சம்.

“தெரியலயேம்மா” என்றேன்.