கேட்டாத்தான் சொல்லுவாரு

எங்க வீட்டுக்காரர் பதினேழு வருஷம் வயித்துவலியில அவதிப்பட்டாரு. வருஷத்துக்கு ஆறு நாள், காலையில ஒன்பது மணிக்கு ஆரம்பிச்சா சாயங்காலம் நாலு மணிவரைக்கும். நடுவுல சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் வலி நிக்கும். மத்த நாளெல்லாம் செருப்புக் கடையில சேல்ஸ்மேன்.

விஷயம் இதுதான். டாக்டருக்குப் படிச்சவங்க லைசென்ஸ் வாங்க முன்னெல்லாம் எழுத்துப் பரீட்சை மட்டும்தான். புத்தகத்தைக் கரைச்சுக் குடிச்சவங்களெல்லாம் பாஸ் பண்ணிட்டு, நோயாளி முகத்தைப் பார்த்து ரெண்டு வார்த்தை பேசத் தெரியாம முழிச்சாங்களாம். அதனால நேர்லயும் ஒரு பரீட்சை வச்சாங்க. பன்னெண்டு அறை, பன்னெண்டு போலி நோயாளி. மணி அடிச்சா உள்ள வரணும், கால் மணி நேரம் விசாரிக்கணும், மறுபடி மணி அடிச்சா அடுத்த அறைக்குப் போகணும். அந்தப் பன்னெண்டு பேர்ல இவரு வயித்துவலி. பக்கத்து அறை அம்மா மூச்சுத்திணறல். எதிர் அறைக்காரர் தலைசுத்தல். அவங்களுக்குள்ள கூப்பிட்டுக்கறதே அப்படித்தான். மூச்சுத்திணறல் பொண்ணு கல்யாணத்துக்கு நாங்க குடும்பத்தோட போயிட்டு வந்தோம்.

இவரை எப்படிப் பிடிச்சாங்கன்னு கேளுங்க. ஷூ வாங்க வந்த பரீட்சை அதிகாரி ஒருத்தர், இவர் மண்டி போட்டு அளவு எடுக்கறப்ப குனிஞ்சு முகத்தையே பார்த்தாராம். "உங்க முகத்துல ஒண்ணுமே தெரியல சார், அதுதான் எங்களுக்கு வேணும்"னாராம். கல்யாணமான நாள்லேருந்து நான் எதைக் குறையா சொல்லிட்டிருந்தேனோ, அதுக்கு ஒரு உத்தியோகம் இருக்குன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சது.

அங்க ஒரே ஒரு சட்டம். கேட்டாத்தான் சொல்லணும். கேட்காததைச் சொல்லிட்டா ஒருத்தருக்கு லேசாவும் இன்னொருத்தருக்குக் கஷ்டமாவும் போயிடும், அப்புறம் அது பரீட்சையே இல்லையாம். முதல் வருஷமே மூணு பேரு மனசு கேட்காம உளறிட்டு வீட்டுக்குப் போனாங்க. இவரு ஒரு தடவைகூட உளறினதில்ல. அழாத குறையா நின்ன பிள்ளைங்க முன்னாடிகூட இடிச்ச புளி மாதிரி உட்கார்ந்திருப்பாராம். அவங்க போனதும் ஒரு தாளை எடுத்து டிக் அடிப்பாரு. கை கழுவினாரா, பேரைச் சொன்னாரா, என்ன மாத்திரை சாப்பிடறீங்கன்னு கேட்டாரா, இப்படி இருபத்திரெண்டு. கடைசியில, "வேற ஏதாவது சொல்லணுமா?"ன்னு கேட்டாரா.

அந்தச் சட்டத்தை மனுஷன் அங்கேயே கழட்டி வச்சுட்டு வரலாமில்ல? வீட்டுக்கும் எடுத்துட்டு வந்துட்டாரு. கடையில இவரை மேனேஜர் ஆக்கினது எனக்கு மூணு மாசம் கழிச்சு, துவைக்கப் போட்ட சட்டையில பேட்ஜைப் பார்த்துத்தான் தெரிஞ்சது. "ஏன் சொல்லல?"ன்னேன். "நீ கேட்கலயே"ன்னாரு. மேனேஜர் ஆனப்புறமும் மண்டி போட்டு அளவு எடுக்கறதை மட்டும் விடல.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஒரு லெட்டர் வந்தது. நேர்ல நடக்கற பரீட்சையை நிறுத்திட்டாங்க. கிட்டத்தட்ட எல்லாரும்தான் பாஸ் ஆயிடறாங்க, எதுக்கு ஊர் விட்டு ஊர் வந்து அலையணும், இனிமே எல்லாம் கம்ப்யூட்டர்லயேன்னு போட்டிருந்தது. நியாயம்தான். இவரு ரெண்டு தடவை படிச்சாரு, நாலா மடிச்சு ஒரு ஷூ டப்பாவுல வச்சாரு. "வயித்துவலி சரியாயிடுச்சு"ன்னாரு. அவ்வளவுதான் துக்கம்.

இந்த வருஷம் ஒரு பத்து நாளா தட்டுல பாதியை வச்சுட்டு எழுந்திரிச்சுக்கிட்டிருந்தாரு. என் சமையலைக் குத்தம் சொல்றாருன்னு எனக்கு ஒரே கடுப்பு. "வேணும்னா சாப்பிடுங்க, வேண்டாம்னா முன்னாடியே சொல்லித் தொலைங்க"ன்னு தட்டைப் பிடுங்கிட்டுப் போயிடுவேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில கடை ஏணியில ரெண்டு படி ஏறினவரு அப்படியே உட்கார்ந்துட்டாருன்னு போன் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன்.

சின்ன வயசு டாக்டர். மரியாதையான பிள்ளைதான், ஆனா கண்ணு கம்ப்யூட்டரை விட்டு நகரல.

"என்ன பண்ணுது சார்?"

"வயிறு எரியுது."

"எத்தனை நாளா?"

"பத்து நாளா."

"தலை சுத்துதா?"

"சுத்துது."

"சரியா சாப்பிடறதில்லையா?"

"இல்ல."

டக் டக்னு தட்டினாரு. வயித்துப்புண்ணுக்கு மருந்து எழுதினாரு. அஞ்சு நிமிஷத்துல வெளிய வந்துட்டோம். நான் மருந்துக் கடை எங்கன்னு தேடறேன், இவரு நடைபாதை பெஞ்சுல உட்கார்ந்து, "ஃபெயில்"னாரு.

"யாரு?"

"டாக்டரு. கை கழுவல. பேரைச் சொல்லல. முக்கியமான கேள்வி ரெண்டையும் விட்டுட்டாரு."

"என்ன முக்கியமான கேள்வி?"

"என்ன மாத்திரை சாப்பிடறீங்கன்னு கேட்கணும். மலம் கறுப்பா போகுதான்னு கேட்கணும்."

"போகுதா?"

"நாலு நாளா. தார் மாதிரி."

"அட கடவுளே! அதை உள்ளயே சொல்றதுக்கென்ன? வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?"

"கேட்கலயே."

பதினேழு வருஷமா பிள்ளைங்களுக்குப் பரீட்சை வச்சவருக்கு, உள்ள ரத்தம் கசிஞ்சா அப்படித்தான் போகும்னு நல்லாவே தெரியும். தெரிஞ்சுக்கிட்டு மார்க் போட்டுட்டு உட்கார்ந்திருக்காரு. எனக்கு முகத்துல எள்ளும் கொள்ளும் வெடிச்சது. கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய், டோக்கனாவது மண்ணாவதுன்னு கதவைத் தள்ளினேன். உள்ள ஒரு அம்மா நாக்கை நீட்டிட்டு உட்கார்ந்திருந்தாங்க. "நீங்க அப்படியே இருங்கம்மா"ன்னுட்டு, "டாக்டர், இவரை ரெண்டு கேள்வி கேளுங்க. கேட்டாத்தான் சொல்லுவாரு"ன்னேன்.

கேட்டாரு. இவரு பளிச்சுனு பதில் சொன்னாரு. முட்டி வலிக்கு மருந்துக் கடையில தானா வாங்கின மாத்திரை, ஒரு நாளைக்கு மூணு, எட்டு மாசமா. "அந்த மாத்திரைதான் வயித்தை அரிச்சிருக்கு"ன்னு டாக்டர் எழுந்திரிச்சாரு. ஸ்ட்ரெச்சர் வந்தது. ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்தினாங்க, வாய் வழியா குழாய் விட்டுப் புண்ணை அடைச்சாங்க. இன்னும் ரெண்டு நாள் வீட்டுலயே வச்சிருந்தா ஆளே கிடைச்சிருக்க மாட்டாருன்னு பெரிய டாக்டர் என்கிட்ட சொன்னாரு.

மறுநாள் மத்தியானம் சின்ன டாக்டர் இவரோட அறைக்கு வந்தாரு. இவரோட பழைய வேலையும், பெஞ்சுல மார்க் போட்டதும் அதுக்குள்ள அவர் காதுக்கும் போயிருந்தது. "நான் கம்ப்யூட்டர் பரீட்சை எழுதின முதல் பேட்ச் சார். நல்ல மார்க்தான். அதுல நோயாளிக்கு என்னென்ன இருக்குன்னு திரையிலயே வந்துடும். அந்த நோயாளி எதையும் மறைக்க மாட்டாரு"ன்னாரு. அப்புறம், "எனக்கு எவ்வளவு போட்டீங்க?"ன்னு கேட்டாரு.

கேட்டுட்டாரு, சொல்லாம இருப்பாரா? "இருபத்திரெண்டுக்கு நாலு."

அந்தப் பிள்ளை போய்க் கை கழுவிட்டு வந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு, பேரைச் சொல்லி, முதல்லேருந்து ஒவ்வொண்ணா கேட்டது. எல்லாம் தெரிஞ்ச பதில்தான், இருந்தாலும் கேட்டது. கடைசியில, "வேற ஏதாவது சொல்லணுமா சார்?"னு கேட்டது.

"இல்ல"ன்னாரு இவரு. டாக்டர் போனதும், "பாஸ்"னு என்னைப் பார்த்துச் சொன்னாரு.

எனக்குச் சிரிப்பு வரல. பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டு என் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். பத்து நாள், தட்டுல பாதிச் சோறு, ஒரு தடவையாவது "உடம்புக்கு என்ன பண்ணுது"ன்னு நான் கேட்டேனா? அந்தப் பிள்ளையாவது நாலு வாங்குச்சு. நான் சைபர். எதையாவது செய்யணுமேன்னு போர்வையை இழுத்து அவர் கால்ல போட்டேன்.

"பத்து நாளா பயமா இருந்துச்சு"ன்னாரு.

திரும்பிப் பார்த்தேன். அறையில வேற யாருமில்ல. நான் எதுவும் கேட்டிருக்கல.