ரப்பர் குழாயின் மேல் வெர்னெல் அத்தை

வெர்னெல் அத்தை நின்றுகொண்டே சாப்பிடுகிறவள். தேவாலயத்தில் முதல் பாட்டுக்கு எழுந்தால் பிரசங்கம் முடியும்வரை உட்கார மாட்டாள். பின்வரிசைக்காரர்களான நாங்கள் அவள் முதுகைப் பார்த்துத்தான் கடவுளைக் கும்பிடுகிறோம்.

உட்காருகிற வேலை முழுவதையும் ஹாய்ட் மாமா பார்த்துக்கொள்கிறார். எண்ணெய்க் கிணற்றில் இரும்புக் குழாய் சரிந்து அவர் முதுகெலும்பை நொறுக்கிவிட்டது. பிறகு சிறுநீரகமும் கைவிட்டது. வாரம் மூன்று முறை ரத்தம் சுத்தம் செய்ய அத்தை அவரைப் பிக்கப் வண்டியில் ஏற்றிப் பக்கத்து ஊருக்குக் கொண்டுபோவாள். போகிற வழி ஸ்டேட் ஹைவே 318. சின்னப் பள்ளம் வந்தால்கூட மாமா பல்லைக் கடிப்பார், உடனே ஒரு ஜோக் சொல்வார். வலி எவ்வளவோ அவ்வளவு மட்டமான ஜோக்.

எங்களுக்குத் தெற்கே ஒரு சுங்கச் சாலை போகிறது. செத்துப்போன செனட்டர் ஒருவரின் பெயர் அதற்கு. சட்டசபையில் ஓட்டுப் போட்டுப் பெயர் வைத்தார்கள், பெயர்ப்பலகைக்கு அவர் குடும்பம் பணம் கொடுத்தது, சாலைக்கு அதில் போகிறவர்கள் கொடுக்கிறார்கள். 318-க்குப் பெயர் கிடையாது, எண்தான். எண் இருக்கிறவரை ஓக்லஹோமா மாநிலம் பெட்ரோல் வரியிலிருந்து தார் போடும். எண்ணைப் பிடுங்கிவிட்டால் சாலை கவுண்டியின், அதாவது எங்கள் மாவட்ட நிர்வாகத்தின், தலையில் விழும். எங்கள் கவுண்டியிடம் இருப்பது மண் நிரவுகிற வண்டி ஒன்று, மலை மாதிரிச் சரளைக்கல்.

வசந்தத்தில் தீயணைப்பு நிலையத்தில் கூட்டம் போட்டார்கள். கவுண்டி கமிஷனர் ட்ரூயட் விஷயத்தைச் சொன்னார். சுங்கச் சாலை வந்தபிறகு 318-இல் வண்டிகள் குறைந்துவிட்டன. மாநிலம் எண்ணிப் பார்க்கப்போகிறது. தேறாவிட்டால் எண் போகும். கவுண்டியால் தார் போட முடியாது, இருக்கிற தாரையும் பொடித்துச் சரளை போடுவதுதான் வழி. அத்தை எழுந்து நின்று கேட்டாள் என்று எழுத ஆசை. அவள் உட்கார்ந்திருந்தால்தானே?

"சரளையில ஹாய்ட்ட எப்படிக் கூட்டிட்டுப் போறது, ட்ரூயட்?"

"மெதுவா ஓட்டணும், வெர்னெல்."

"மெதுவா ஓட்டினா வலி இன்னும் கொஞ்ச நேரம் கூட இருக்கும், அவ்வளவுதான்."

ட்ரூயட் தொப்பியை மாட்டிக்கொண்டு, கூட்டம் முடிந்தது என்றார்.

அடுத்த வாரம் மாநிலத்து ஆள் ஒருவர் வந்து, கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் சாலைக்குக் குறுக்கே இரண்டு ரப்பர் குழாய்களை ஆணியடித்து, ஓரத்தில் ஒரு பெட்டியைப் பூட்டிவிட்டுப் போனார். சக்கரம் குழாயை மிதித்தால் பெட்டி எண்ணும். அவர் கார் மறைவதற்குள் அத்தை வண்டியைக் கிளப்பிவிட்டாள். போனாள், திரும்பினாள், போனாள். மாமாவும் கூடவே. ஒவ்வொரு சுற்றுக்கும் மாமா வேறு வேறு தொப்பி போடவேண்டும் என்பது என் யோசனை. பெட்டிக்குக் கண் இல்லை என்று யாராவது சொல்லியிருக்கலாம். யாரும் சொல்லவில்லை, அவர்களும் தொப்பி தேடிக்கொண்டிருந்தார்கள். வார முடிவில் பாஸ்டர்கூட வைக்கோல் தொப்பியில் வந்து, அத்தை வண்டியில் ஏறி ஒரு ரவுண்டு அடித்தார்.

"ஒரு நிமிஷம் நிறுத்துடி, வெர்னெல். எனக்கே தல சுத்துது," என்றார் மாமா.

"நீ அசையாம உக்காந்திருக்கியே, நம்ம ரெண்டு பேருக்கும் சேத்து அது போதும்."

பெட்டியை எடுக்க வந்த நீல்சன் என்ற அந்த ஆள் ஒல்லி, சண்டை போடத் தெரியாத முகம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள இடைவெளியையும் பெட்டி குறித்துக்கொள்ளும் என்றார். வாரம் முழுக்க ஒரே பிக்கப் ஊரைக் கலக்கியிருக்கிறது, இந்தக் கணக்கைத் தூக்கிப் போடவேண்டியதுதான் என்றார். திட்டவில்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

அத்தை வண்டிக் கதவைத் திறந்தாள். "ஏறுப்பா."

அவரைத் தனக்கும் மாமாவுக்கும் நடுவில் உட்காரவைத்துக் கவுண்டியின் சரளைப் பாதைக்கு வண்டியைத் திருப்பினாள். நான் பின்னால் சாமான் ஏற்றுகிற தொட்டியில் தொற்றிக்கொண்டேன். பின் கண்ணாடி திறந்திருந்தது, எல்லாம் கேட்டது. மாமா ஜோக் சொல்ல ஆரம்பித்தார். முதல் ஜோக்குக்கு நீல்சன் சிரித்தார். நாலாவதற்கு மரியாதைக்குச் சிரித்தார். பாலத்துக்கு முன்னால் மாமா ஒரு கோழியைப் பற்றி ஏதோ தொடங்கினார், முடிக்கவில்லை. நீல்சன் அவர் பக்கம் திரும்பினார்.

"நிறுத்துங்கம்மா. புரிஞ்சிடுச்சு."

பொய்க் கணக்கு எழுத முடியாது என்றார். ஆனால் எப்போது எண்ணுவது, எங்கே எண்ணுவது என்பது அவர் கையில். ஜூனில் கோதுமை அறுவடை, லாரிகள் நிஜமாகவே ஓடும் சமயம், அப்போது கோதுமைக் கிடங்குப் பக்கமும் ஒரு பெட்டி வைத்து எண்ணுகிறேன் என்றார். ஒரே நிபந்தனை: அந்த வாரம் அத்தை ஆஸ்பத்திரிக்குத் தவிர வண்டியை எடுக்கக்கூடாது.

ஜூனில் அந்த வாரம் அவளோடு இருந்த எங்களைத்தான் கேட்கவேண்டும். ஜன்னலுக்குப் போவாள், அடுப்புக்கு வருவாள். வேலியின் ஒரே பக்கத்துக்கு இரண்டு முறை பெயிண்ட் அடித்தாள். லாரி சத்தம் கேட்டால் வாசலில் நின்று கையாட்டுவாள், ஆட்டினால் இன்னும் நாலு வரும் என்பதுபோல.

இலையுதிர்காலத்தில் முடிவு வந்தது. சுங்கச் சாலையிலிருந்து கோதுமைக் கிடங்குவரை, அதாவது ஆஸ்பத்திரி இருக்கிற பக்கம், 318 தன் எண்ணை வைத்துக்கொள்ளும். கிடங்குக்கு அப்பால் கவுண்டிக்கு. அத்தையின் வீடு கிடங்குக்கு அப்பால், கல்லறைத் தோட்டத்தையும் தாண்டி.

நீல்சன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நேரிலேயே வந்து சொன்னார். அத்தை அவருக்கு ஒரு தட்டு நிறையப் பீன்ஸும் சோள ரொட்டியும் கொடுத்துவிட்டு வெளியே போனாள். எங்கள் பக்கத்துப் பாதி வீடுகளைப் போல அவள் வீடும் தொழிற்சாலையில் சக்கரம் வைத்துச் செய்து லாரியால் இழுத்து வந்தது. குனிந்து அடியில் பார்த்தாள். சக்கர அச்சு துருப்பிடித்திருந்தது, ஆனால் இருந்தது. எழுந்து வந்து, கிடங்குக்காரரிடம் சாலையோரமாக ஒரு மூலை கேட்கப்போகிறேன் என்றாள்.

தாரைப் பொடிக்கிற இயந்திரம் வருவதற்குள் வீட்டை இழுத்துவிட்டார்கள். லாரியோடு சேர்ந்து அத்தை முழுத் தூரமும் நடந்தாள். நான் பின்னால் பிக்கப்பை ஓட்டினேன், பக்கத்தில் மாமா. வழுவழுவென்று போனது. கிடங்கருகே சக்கரத்துக்கு அடைக்கல் வைக்கும்போது லாரிக்காரரை அத்தை தடுத்தாள்.

"தார் ரோட்டுக்கு இன்னும் கொஞ்சம் பக்கமா தள்ளுங்க."

"மழை பேஞ்சா ஜன்னல் பூரா சேறு தெறிக்கும், மேடம்."

"தெறிக்கட்டும். கழுவ எனக்கு ஒரு வேலையாச்சு."

அவர் தள்ளினார்.