நடுவில் தொங்கிய ராட்டினம்

போன மாதம் திருப்போரூருக்கு அருகே ஒரு காலனிக்கு சைக்கிளில் போனேன். ஊர் சுற்ற அல்ல – குற்றவாளியைப் பிடிக்க!

என்ன குற்றம்? புதுக் குடிநீர்க் கிணற்றின் சுற்றுச்சுவரை யாரோ ஓரிடத்தில் இடித்து, அந்த இடைவெளி வழியாகக் குறுக்கே பனங்கட்டைகளைப் போட்டுவிட்டார்கள். செங்கற்பட்டு ஆபீசில் டிராப்ட்ஸ்மேனான எனக்கு உத்தரவு: பெயர்களை எழுதி வா, போலீசில் புகார் கொடுக்க வேண்டும்.

அந்தக் கிணற்றுக்குப் படம் வரைந்தவனே நான்தான். கோபம் வராதா?

"யார் இடிச்சது?"

கிணற்றடியில் நின்ற பெண்களில் ஒருத்தி குடத்தை இறக்கிவைத்தாள். பெயர் கன்னியம்மா, நடவு வேலைக்குப் போகிறவள். "நான்தான் சார், கடப்பாறையால இடிச்சேன். இன்னா இப்போ?"

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டால் விசாரணையை எப்படி நடத்துவது?

"ஏம்மா இடிச்சே?"

"இடிக்காத பக்கமா நின்னு நீயே ஒரு வாளி சேந்திப் பாரு சார்."

சேந்தினேன். வாளி மேலே வந்தது. ஆனால் தொங்கியதோ கிணற்றின் நட்டநடுவில், நாலடி தள்ளி! ஒரு கையில் கயிறு. மறு கையை நீட்டினேன். எட்டவில்லை. சுவர் வயிற்றை அழுத்த எக்கினேன்… கால் தரையை விட்டுக் கிளம்பியது. சட்டைப்பைப் பேனா 'பொளக்' என்று தண்ணீரில் விழுந்தது. கன்னியம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"என் நாத்தனாருக்கு ஏழு மாசம் சார். இப்டி எக்கறப்போ உள்ள சாஞ்சிட்டா. நான் மட்டும் புடிக்கலன்னா ரெண்டு உசுரு போயிருக்கும். இன்னும் வூட்ட வுட்டு வராம அழுதுகினு கீது. அதான் சொவத்த இடிச்சி, கட்டையப் போட்டு, அது மேல நின்னு சேந்தறோம்."

கயிறு ஓடும் ராட்டினத்தை ஏன் நடுவில் வைத்தேன்? வட்டத்துக்கு நடுவே இருந்தால் படத்தில் அழகாக இருந்தது. வேறு காரணமே கிடையாது!

தையல்காரர் அளவெடுக்கும்போது கையைத் தூக்கிக் காட்டச் சொல்கிறார். மகாபலிபுரம் கரையில் கட்டுமரம் கட்டுகிறவர், ஏறப்போகிறவர்கள் எத்தனை பேர் என்று கேட்டுவிட்டுத்தான் மரத்தைத் தொடுகிறார். குயவர் பானைக்குக் கழுத்து வைப்பதும் நம் கைக்காகத்தானே? உபயோகிக்கிற உடம்பு எங்கே நிற்கும், எப்படி வளையும் – இதை யோசிப்பதற்குப் பெயர்தான் டிசைன். நானோ காகிதத்தில் வட்டம் போட்டுவிட்டு, தண்ணீர் சேந்துகிறவளை மறந்துவிட்டேன்.

'தவறு வரைபடத்தில், வரைந்தவன் நான்' என்று ரிப்போர்ட் எழுதினேன். மேலதிகாரி இரண்டு முறை படித்தார்.

"யோசிச்சுத்தான் எழுதினீரா? வேலைக்கே ஆபத்து வரலாம்."

பயமாகத்தான் இருந்தது. மாற்றவில்லை. புகார் கைவிடப்பட்டது. எனக்கு ஒரு மெமோ கிடைத்தது – அவ்வளவோடு போயிற்று.

புதுப் படம் வரையும் முன் மறுபடி காலனிக்குப் போனேன். கன்னியம்மாவைக் கிணற்றோரம் நிற்கவைத்து, நீளமான குச்சியை நீட்டி, ராட்டினம் எங்கே தொங்க வேண்டும் என்று கேட்டேன்.

"இன்னும் ஒரு சாண் கிட்ட கொண்டா சார்… தோ, அங்கதான்!"

குறித்துக்கொண்டேன்.

இந்த வாரம் வேலை முடிந்தது. சுவரும் பழையபடி எழுந்துவிட்டது. போய்ப் பார்த்தேன். கன்னியம்மாவின் நாத்தனார் வந்து, இரண்டு காலையும் தரையில் ஊன்றியபடியே ஒரு வாளி சேந்தினாள். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டும் என்று நான் எப்படி எதிர்பார்க்கலாம்?

அன்று புதுப் படத்தில் கையெழுத்துப் போடும்முன் மேலதிகாரி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "யாரைக் கேட்டு ஐயா ராட்டினத்தை நகர்த்தினீர்?"

என் சர்வீசில் முதல் தடவையாக, அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது.