மாதம்மா வீட்டுச் சுரம்

ஸ்டானிஸ்லாஸ் மாதம்மாவுக்கு நாலு ரூபாய் பன்னிரண்டணா கடன்பட்டிருந்தார். அரிசிக்கல்ல, துணிக்கல்ல, ஒரே ஒரு சுரத்துக்கு.

ஐம்பத்தொன்றாம் வருஷம். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட மனுஷன், மைசூர் அக்ரஹாரத்தில் தன் கையாலேயே ஆர்மோனியப் பெட்டி செய்தார் என்றால் சும்மாவா? எம்.ஏ. படித்தவனை ஒரு கட்டை செதுக்கச் சொல்லுங்கள், பார்ப்போம்! அந்த முதல் பெட்டியைக் குருந்தமலைக்காரர்கள் ஒரு கல்யாணத்துக்காக அறுபது ரூபாய்க்குப் பேசினார்கள். மலையிலிருந்து இறங்கி, தெருக்கோடியில் ஆறு வீடு கட்டிக்கொண்ட சனம்.

அவர்கள் பாட்டுக்கு ஆறே சுரம். வீட்டுக்கு ஒன்று, பட்டா நிலம் மாதிரி. எந்த வீட்டுச் சுரத்தில் பாட்டு தொடங்குகிறதோ, அந்த வீட்டு 'வாசல்' என்று அதற்குப் பேர். நாம் ராகம் என்கிறோமே, அதுதான். ஏறும்போது யார் சுரத்தையும் சும்மா மிதிக்கலாம். இறங்கும்போது மிதித்தால், மிதிக்கு ஓரணா. நாலாம் சுரம் மாதம்மா வீட்டுடையது.

இது தெரியாமல், பெட்டி கொண்டுபோன அன்று மேலிருந்து இறங்கி இறங்கி நாலாம் சுரக் கட்டையிலேயே தட்டித் தட்டிப் பெருமை காட்டினார் ஸ்டானிஸ்லாஸ். மாதம்மா சுவரில் கரிக்கோடு போட்டாள். எழுபத்தாறு கோடு.

"சுரக்கடன் வெச்சவங்க பொட்டி கண்ணாலத்துக்கு ஆகாதுங்க. ஞாயித்துக்கெழமைக்குள்ள கட்டிப்போடுங்க. இல்லேன்னா பொட்டியத் தூக்கிட்டுப் போங்க."

"காத்துக்கு வாடகையாம்மா?"

"உங்க துருத்திக் காத்துக்கு ஒண்ணுமில்லீங்க. எங்க சுரத்துக்குத்தான்."

அவர் கையில் நாலணா கிடையாது; பெட்டிக்குள் சத்தம் எழுப்பும் பித்தளை ரீடு வாங்கியே காலி. முதல் பெட்டி திரும்பி வந்தால் இரண்டாவதை எவன் கேட்பான்? அடமானமாகப் பெட்டி அவள் வீட்டிலேயே தங்கியது.

சனிக்கிழமை மாதம்மாவே அவர் கடைக்கு வந்தாள்.

"நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவால ஒரு கறுப்புக் கட்டை பேசுதுங்களே, அது யாரு ஊட்டுச் சுரம்?"

ஸ்டானிஸ்லாஸுக்கு விஷயம் தெரியும். அந்த ரீடை ராவும்போது அரம் வழுக்கிவிட்டது. உலகத்தில் எந்தப் பெட்டியிலும் இல்லாத சத்தம் அது. தப்பை ஒத்துக்கொள்ளத்தான் வாயைத் திறந்தார். வந்தது வேறு.

"ஸ்டானிஸ்லாஸ் வீட்டுச் சுரம்மா, அது!"

"நெனச்சேன். என்னமா அழுவுது! வாரம் பூரா அது மேலயேதான் எறங்கிட்டிருந்தேனுங்க."

"எத்தனை தடவை?"

"கோடு போடாம இருப்பனா? எழுபத்தேழு."

கழித்துப் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்தில் ஏழு சுரத்தோடு பெட்டி முழங்கியது. பந்தி முடிந்ததும் மாதம்மா அறுபது ரூபாயை ஒவ்வொன்றாக எண்ணினாள். கடைசியில் முந்தானை முடிச்சை அவிழ்த்து, அவர் விரித்த உள்ளங்கையில் அந்த ஓரணாவையும் வைத்தாள்.