தாத்தா மூழ்கடித்த நீர்மூழ்கி

திருவண்ணாமலைக்காரர்களுக்குக் கடல் என்றால், பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறிப் போய் கால் நனைத்துவிட்டு வருவதுதான். அப்படிப்பட்ட ஊரில் எங்கள் வீட்டுக்கு மட்டும் சொந்தமாக ஒரு கடற்போர் இருந்தது. அப்பாவைப் பெற்ற தாத்தா, இரண்டாம் உலகப் போரில் சரக்குக் கப்பல்களுக்குக் காவலாகப் போன ஒரு போர்க்கப்பலில் பாய்லர் அறையில் வேலை பார்த்தவர். நீர்மூழ்கி வந்தால் தண்ணீருக்குள் குண்டு போட்டு விரட்டுவது அந்தக் கப்பலின் உத்தியோகம். “குண்டு போட்டோம்” என்பதற்கு மேல் தாத்தா வாய் திறந்ததில்லை. மிச்சத்தை ஊர் பார்த்துக்கொண்டது. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஒரு நீர்மூழ்கி மூழ்கியிருந்தது. கல்லூரி முடிப்பதற்குள் அது மூன்றாகிவிட்டது. அப்பா நியாயமான மனுஷன், ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்.

காலமாகிவிட்ட தாத்தாவின் நூறாவது பிறந்தநாளுக்கு அன்னதானம் என்று முடிவானதும், சமையல்காரருக்கு முன்பே ஃபிளெக்ஸ் கடைக்குச் சொல்லியாகிவிட்டது. கடைக்காரர் தாராள மனசுக்காரர். மேல்தளத்தில் ஜெட் விமானங்கள் நிற்கும் ஒரு கப்பலை இணையத்திலிருந்து எடுத்து, அதன் கீழே இரண்டாக உடைந்த நீர்மூழ்கியைப் போட்டு, பக்கத்தில் தாத்தா படத்துக்கு மாலையும் சாத்திவிட்டார்.

“எந்தக் கடல்ல மூழ்கடிச்சாருன்னு ஒரு வரி போடணும்டா. எப்பப் பாத்தாலும் போனை நோண்டினுதான இருக்கே, பாத்துச் சொல்லு,” என்றார் அப்பா.

கப்பலின் பெயர் எங்களுக்குத் தெரியும். எங்கோ குளிர் தேசத்தில், வேறு வேலை இல்லாத ஒரு புண்ணியவான் அதன் பணி வரலாற்றை முழுக்க எழுதி வைத்திருந்தார். புறப்பட்டது, துணைக்குப் போனது, திரும்பியது, மறுபடியும் புறப்பட்டது. எங்கள் டவுன் பஸ்ஸின் வரலாறு இதைவிட விறுவிறுப்பாக இருக்கும். ஒரே ஒரு தடவை தண்ணீருக்கடியில் சத்தம் கேட்டுக் குண்டு போட்டிருக்கிறார்கள். நீர்மூழ்கி நழுவிவிட்டது. செத்து மிதந்தவை மீன்கள். போர் முடிந்ததும் கப்பலை உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள்.

தன் தகப்பனைப் பற்றி அப்பாவிடம் இருந்தது இந்த ஒரு பெருமைதான். இதைச் சொன்னால் மனுஷன் தாங்குவாரா? நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டு, கடைசியில் அன்னதானத்தன்று காலை கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில் பந்தல் போட்டு ஃபிளெக்ஸைக் கட்டும்போதுதான் சொன்னேன்.

“அந்தக் கப்பல் எதையும் மூழ்கடிக்கலப்பா. கூடப் போன கப்பலுங்க பத்திரமா போய்ச் சேந்துச்சு, அவ்ளோதான்.”

அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“அப்ப, நீர்மூழ்கில இருந்தவங்க யாரும் சாவலியா?”

“இல்லப்பா.”

“நெஜமாவா?” அவர் கண் கலங்கியிருந்தது. “பௌர்ணமிக்குப் பௌர்ணமி அவங்களுக்காகத்தான்டா மலைய சுத்தினு இருந்தேன். யார் பெத்த புள்ளைங்களோ, எங்கப்பன் போட்ட குண்டுல தண்ணிக்குள்ள மூச்சு முட்டிச் செத்துச்சுங்களேன்னு.”

இத்தனை வருஷமும் அதை முட்டிவலிக்கான வேண்டுதல் என்று நினைத்துக் கிண்டல் வேறு செய்திருக்கிறேன். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பந்தல்காரரிடம் கத்தி வாங்கி, நீர்மூழ்கியை அப்பாவே வெட்டி எடுத்தார். ஜெட் விமானங்களை விட்டுவிட்டார். பந்தி ஆரம்பித்ததும், தட்டை நீட்டிய ஒருவர் ஃபிளெக்ஸில் இருந்த ஓட்டையைப் பார்த்துவிட்டு, “அங்க இன்னா இருந்துச்சுங்க?” என்று கேட்டார்.

“நீர்மூழ்கிங்க,” என்றார் அப்பா, அவர் தட்டில் இன்னொரு கரண்டி சாதத்தைப் போட்டபடி. “தப்பிச்சுப் போயிடுச்சு.”