கத்தி முனையில் கருத்துக் கேட்பவர்

நுரையைப் பூசி, தலையைப் பின்னால் சாய்த்து, கத்தியைத் தொண்டைக்குழிக்குப் பக்கத்தில் கொண்டுபோன பிறகுதான் மாஸ்டர் அந்தக் கேள்வியைக் கேட்பார்.

"மனசுல ஒண்ணும் வெச்சுக்காம சொல்லுங்க சார். என் மோவாக்கட்டை ரொம்ப நீளமா?"

சார் என்ன சொல்வார், பாவம்! வாயைத் திறந்தால் நுரை உள்ளே போகும். தலையை ஆட்டினால் கத்தி உள்ளே போகும். "ம்ம்" என்பார். மாஸ்டருக்கு அது போதாது. "ம்ம்னா நீளம்ங்கறீங்களா, இல்லேங்கறீங்களா?" பதில் வரும்வரை கத்தி அந்தரத்தில் நிற்கும். "சேச்சே, அளவாத்தான் இருக்கு மாஸ்டர்" என்று மூக்கால் பேசித் தப்பித்தவர்கள் இந்த மூன்று மாதத்தில் அறுபது பேருக்குக் குறையமாட்டார்கள். எல்லோருமே ஒரே பதில் சொல்கிறார்களே என்று மாஸ்டருக்குச் சந்தேகம். சந்தேகம் வந்தால் மறுநாளும் கேட்பார்.

சைக்கிள் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவே இரண்டு நாற்காலி போட்ட சலூன் அவருடையது. வயது நாற்பத்தெட்டு. குள்ளமான ஆள், சுத்தமான கை. முடியைத் தொடுவதற்கு முன் கத்தரிக்கோலைக் காற்றில் இரண்டு முறை வெட்டிக்கொள்வார். ஏன் என்று கேட்டால், "பாடறவங்க தொண்டையைக் கனைச்சுக்கறாங்கல்ல? கத்தரிக்கும் கனைக்க வேணாமா?" என்பார். தெருவில் நடக்கும்போது எதிரே வருபவரின் முகத்தைப் பார்க்கமாட்டார். கடந்து போனபின் திரும்பி நின்று பின்கழுத்தைப் பார்ப்பார். "அவசரத்துல வெட்டியிருக்காங்க" என்று உச்சுக் கொட்டிவிட்டு நடப்பார். இரண்டு பேர் இதை வேறு விதமாக எடுத்துக்கொண்டு சண்டைக்கு வந்திருக்கிறார்கள்.

அந்த மோவாயையும் சொல்லிவிட வேண்டும். நீளம்தான், ஐயா. சும்மா ஒப்புக்கு நீளமில்லை. கீழே இறங்கி, அது போதாதென்று முன்னால் நீண்டு, நுனியில் கொஞ்சம் மேலே வேறு பார்க்கும். இரண்டு கையிலும் வேலை இருக்கும்போது சீப்பை அதற்கும் நெஞ்சுக்கும் நடுவே இடுக்கிக்கொள்வார். அது அங்கே சௌகரியமாக உட்கார்ந்திருக்கும்.

இத்தனை வருஷமும் அவருக்கு இது தெரியாது என்றால் நம்புவீர்களா? நாள் முழுக்கக் கண்ணாடி முன் நிற்கும் மனிதர்! ஆனால் கடையில் இருந்தது நேர்க்கண்ணாடி. நேரே பார்த்தால் எந்த மோவாயும் சாதுவாகத்தான் இருக்கும். கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டாம் என்கிறார்கள். மோவாய்க்கு வேண்டும், அதுவும் பக்கக் கண்ணாடி. வாடிக்கையாளர்கள் தங்கள் காதோரத்தைப் பார்க்க ஆசைப்படுகிறார்களே என்று மூன்று மாதத்துக்கு முன் இரண்டு பக்கச் சுவரிலும் புதிதாகக் கண்ணாடி மாட்டினார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். மறுநாள் காலை தற்செயலாகத் திரும்பியவர், தன் சட்டையைப் போட்டுக்கொண்டு யாரோ ஒருவன் பக்கவாட்டில் நிற்பதைப் பார்த்தார். "யாருங்க அது?" என்று மரியாதையாகவே கேட்டாராம்.

அன்றிலிருந்து மாஸ்டர் பக்கவாட்டில் நிற்பதை விட்டுவிட்டார். வாடிக்கையாளரை அவர் சுற்றி வருவதில்லை. தாம் ஒரே இடத்தில் நேராக நின்றுகொண்டு நாற்காலியைச் சுற்றுகிறார். இடது காதுக்கு ஒரு சுற்று, பிடரிக்கு ஒரு சுற்று, வலது காதுக்கு இன்னொன்று. ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் இறங்கியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிஷம் நின்றார். அப்புறம் கழுத்துத் துண்டோடு தெருவில் இறங்கி வீட்டுக்கு எதிர்த்திசையில் நடந்தார். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்: "மாஸ்டர், நான் முடிவெட்ட வந்தேன், ராட்டினம் ஏற வரல." அவர் அதன்பின் வரவில்லை. அவரைப் போலவே இன்னும் சிலரும் வரவில்லை. கை சுத்தமான ஒரு தொழிலாளிக்குக் கடை காலியாகிக்கொண்டிருந்தது. அதைவிட, மனிதரின் சிரிப்பு போய்விட்டது. வெட்கமாக இருந்தது அவருக்கு. நாற்பத்தெட்டு வயதில் வந்த வெட்கம் லேசில் போகாது.

அவர் மனைவி பக்கத்து மருந்துக் கடையில் வேலை பார்க்கிறார். எந்த டாக்டரின் கிறுக்கலையும் ஒரே பார்வையில் படித்துவிடுகிற அந்த அம்மாளிடம், ஒருநாள் கத்தியில்லாமல் வெறுங்கையோடு கேட்டார்.

"ஏம்மா, என் மோவாக்கட்டை ரொம்ப நீளமா?"

"இருபத்திரெண்டு வருஷம் கழிச்சுக் கேக்கற கேள்வியா இது?" என்று தம்முடைய சின்ன மோவாயைத் தோளில் இடித்துக்கொண்டு அவர் உள்ளே போய்விட்டார்.

போச்சு! அந்த இடி மாஸ்டரின் நெஞ்சில் விழுந்தது. இருபத்திரண்டு வருஷமாக இவள் பொறுத்துக்கொண்டிருக்கிறாள் என்று அவராக முடிவு கட்டிவிட்டார். "கல்யாணத்துல எல்லாப் போட்டோவும் நேரா நிக்க வெச்சு எடுத்துட்டாங்க. பக்கவாட்டுல பாத்திருந்தா அன்னைக்கே ஓடியிருப்பா" என்று சைக்கிள் கடைக்காரரிடம் சொன்னார். சைக்கிள் கடைக்காரருக்கு முகத்தில் அப்போது நுரை. "ம்ம்" என்றார்.

இப்படித்தான் முகச் சீரமைப்பு செய்யும் டாக்டரிடம் நேரம் வாங்கினார். முதல் சந்திப்பிலேயே டாக்டர் ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டார்: எலும்பை வெட்டிப் பின்னால் தள்ளிப் பொருத்த வேண்டும். கீழுதடு மரத்துப்போகும், சிலருக்கு அந்த மரப்பு போகாமலே இருந்துவிடுவதும் உண்டு. யோசித்துவிட்டு புதன்கிழமை வந்து கையெழுத்துப் போடுங்கள் என்றார். மாஸ்டர் நான்கு நாள் யோசித்தார். டீ குடிக்கும்போது கீழுதட்டை விரலால் அமுக்கிப் பிடித்து, மரத்துப்போனால் எப்படியிருக்கும் என்று ஒத்திகை பார்த்தார். டீயெல்லாம் சட்டையில். "பரவாயில்ல, ஸ்ட்ரா போட்டுக்கலாம்" என்று தேற்றிக்கொண்டார்.

புதன்கிழமை மனைவியும் கூட வந்தார். டாக்டர் அறையில் பெரிய திரை. அதில் மாஸ்டரின் பக்கவாட்டுப் படம். டாக்டர் ஒரு பொத்தானைத் தட்ட, மோவாய் மெல்ல உள்ளே போயிற்று.

மாஸ்டர் தலையை ஒருபக்கம் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். அது தொழில் பார்வை.

"டாக்டர், மோவாய் உள்ள போனா மீசை பெருசாத் தெரியுதே?"

"மீசையைக் கொஞ்சம் குறைச்சுக்கலாம்."

"குறைச்சா மூக்கு வெளிய வந்துடுமே."

"மூக்கையும் வேணும்னா பாத்துக்கலாம்."

"மூக்கைத் தொட்டா நெத்தி மேடாத் தெரியும். அதை மறைக்க முன்னால முடி வேணும். முடிக்கு நான் எங்க போவேன்? இப்படியே போனா என்னைக் கழட்டிப் போட்டுட்டு வேற ஆளைத்தான் மாட்டணும்!"

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திரையை அந்த அம்மாள் பக்கம் திருப்பி, "நீங்க சொல்லுங்கம்மா, எப்படி இருக்காரு?" என்று கேட்டார்.

அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "நல்லாத்தான் இருக்காரு" என்றார். "யாரு இது?"

மாஸ்டர் டாக்டர் பக்கம் திரும்பினார். "அறுபது பேர்கிட்ட கேட்டேன் டாக்டர். அப்பல்லாம் கத்தி என் கையில இருந்துச்சு. இப்ப உங்க கையில இருக்கு. நீங்க சொல்லுங்க. ரொம்ப நீளமா?"

"நீளம்தான்" என்றார் டாக்டர்.

அப்பாடா! மாஸ்டருக்கு அந்த மனிதரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. மூன்று மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது இறங்கிப்போனது. பாருங்கள், அவருக்கு வேண்டியிருந்ததே இந்த ஒரு சொல்தான்.

"நீளம்தான்" என்றார் மனைவியும். "நான் எப்ப இல்லேன்னேன்? ரயிலடியில எத்தனை கூட்டம் இருந்தாலும் அது முன்னால வரும், பின்னால நீங்க வருவீங்க. அது தெரிஞ்சாத்தான் எனக்கு வந்துட்டீங்கன்னு நிம்மதி. இனிமே நான் எதைப் பாத்து நிக்கறது? வெட்டிக்கணும்னா வெட்டிக்குங்க. முகம் உங்களுது. என்னைக் கேட்டா, எனக்கு அது வேணும்." சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கியது. கோபமும் வந்தது.

டாக்டர் பக்குவமானவர். படிவத்தை மேஜைமேல் விரித்து, பேனாவின் மூடியைக் கழற்றி மாஸ்டரின் கையில் கொடுத்தார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டக் குனிந்தார்.

குனிந்த தலை மாஸ்டருக்கு வெகு பக்கத்தில் வந்தது. அதன் இடது கிருதா காதின் நடுப்பகுதியில் நின்றிருந்தது. வலது கிருதா அரை விரற்கடை கீழே இறங்கியிருந்தது.

"ஐயோ, டாக்டர்!" என்றார் மாஸ்டர். "ஒரு நிமிஷம்."

இரண்டு விரலால் டாக்டரின் மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். திரையையும் வெட்கத்தையும் மறந்து, நன்றாகப் பக்கவாட்டில் போய் நின்றுகொண்டார். டாக்டர், யாரும் சொல்லாமலே, கண்ணை மூடிக்கொண்டு தலையைப் பின்னால் சாய்த்தார். மாஸ்டர் தம்முடைய மோவாயை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கையெழுத்துக்காகக் கொடுத்த பேனாவால் டாக்டரின் வலது காதோரம் ஒரு நேர்கோடு போட்டார்.